தமிழ் மீடியத்தில் படித்தவள் சட்ட முதுகலையான எல்.எல்.எம்.மில் சர்வதேச மனித உரிமைத் தீர்ப்புகளை எடுத்தால் சமாளிக்க முடியுமா, அதை வைத்துப் பிழைக்க முடியுமா?

சமாளிக்கலாம். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். வீட்டில் "எல்.எல்.பி. போதாதா" என்று ஆரம்பித்திருப்பார்கள், கூடவே மாப்பிள்ளை பேச்சும் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கும் அப்படித்தான் நடந்தது, அதனால் சொல்கிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் பொள்ளாச்சி. ஏழாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் டிவிஷன், நல்ல டீச்சர்கள். எட்டாவதுக்குப் போன பள்ளியில் தமிழ் டிவிஷன் பெயருக்கு இருந்தது, கணக்குக்கும் சயன்ஸுக்கும் தமிழ் தெரிந்த டீச்சர் இல்லை. அவர்கள் மலையாளத்தில் சொல்வதைக் காதால் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வோம். விசைக்கு மலையாளத்தில் ஒரு பலம், விளைவுக்கு இன்னொரு பலம், உச்சரிப்பு வேறு. என் நோட்டில் இரண்டும் ஒரே எழுத்தில் 'பலம்'. பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி எது எது என்று தெரியாமல் அழுதிருக்கிறேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டார்கள், இரண்டு பெண்கள் படிப்பையே விட்டார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எல்.எல்.எம்.மில் எனக்குக் கொடுத்த முதல் பெரிய தீர்ப்பு சைப்ரஸ் எதிர் துருக்கி, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2001 மே மாதம் சொன்னது. பத்திகள் மட்டும் முந்நூற்றைம்பதுக்கு மேல். பொள்ளாச்சியில் பிரிண்ட் எடுத்தேன், ஸ்டேப்லர் பின் உள்ளே இறங்கவில்லை, அப்பா கோணி ஊசியும் சணலும் எடுத்துவந்து தைத்துக் கொடுத்தார். ஒன்பது நாள் படித்தேன். துருக்கி ராணுவம் பிடித்துவைத்திருந்த வடக்கு சைப்ரஸில் மிச்சமிருந்த கிரேக்கக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளி கிரேக்க மொழியில் இருந்தது, அதற்கு மேல் இல்லை. தெற்கே போய்ப் படிக்கலாம், ஆனால் போனால் ஊருக்குத் திரும்பி வந்து குடியிருக்கக் கட்டுப்பாடு. நீதிமன்றம் என்ன சொன்னது என்றால், ஆரம்பக் கல்வியைக் கிரேக்கத்தில் கொடுத்துவிட்டு, உயர்நிலையில் அதைத் தொடராமல் விட்டது கல்வி உரிமையின் சாரத்தையே மறுத்ததற்குச் சமம். அந்தப் பத்தியை நான் நாலைந்து தடவை படித்தேன். எட்டாவது நோட்டில் எழுதிய பலம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

உடனே "கேரளாவைத் துருக்கி ராணுவத்தோடு ஒப்பிடுகிறாளே" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அங்கே நடந்தது ஆக்கிரமிப்பு, இங்கே அப்படி எதுவும் இல்லை, என்னைப் படிக்கவைத்ததே கேரள அரசுப் பள்ளிதான். அதோடு எனக்கு எதிராகப் போகிற தீர்ப்பும் இருக்கிறது. பெல்ஜியம் மொழி வழக்கில், 1968இல், அதே நீதிமன்றம் பெற்றோர் விரும்பும் மொழியில் அரசு பள்ளி நடத்தித்தர வேண்டும் என்ற உரிமை எதுவும் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தில் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிரஸ்ஸல்ஸைச் சுற்றியிருந்த ஆறு ஊர்களில், பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பிரெஞ்சுப் பள்ளியில் இடம் மறுத்ததை மட்டும் பாகுபாடு என்றது. இந்த இரண்டு தீர்ப்பும் ஏன் ஒன்றையொன்று அடிக்கவில்லை என்று சொல்லக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் படிப்பு. எங்கள் பேராசிரியர் ஒரு வாரம் முழுக்க இதையே கேட்டார்.

ஆங்கிலம் முதல் மூன்று மாதம் கஷ்டம்தான். 'மார்ஜின் ஆஃப் அப்ரிசியேஷன்' என்பதற்கு அகராதி பார்த்தால் ஒன்றும் விளங்காது. அரசுகள் தாங்களே முடிவெடுக்க நீதிமன்றம் விட்டுக்கொடுக்கிற இடைவெளி என்று பத்துத் தீர்ப்பு படித்த பிறகு தானாகப் புரியும். முதலில் யாருக்கு என்ன நடந்தது என்ற பகுதியைப் படியுங்கள், அப்புறம் நேராகக் கடைசிக்குப் போய் முடிவைப் பாருங்கள், அப்புறம் மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதியைப் படியுங்கள், நடுப்பகுதி அதன்பின் லேசாகிவிடும்.

இந்தியாவில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். ஐ.நா.வின் குடிமை அரசியல் உரிமை ஒப்பந்தத்தில் இந்தியா 1979இல் சேர்ந்தது, ஆனால் தனிமனிதர் புகார் கொடுப்பதற்கான நெறிமுறையில் சேரவில்லை. அதனால் ஜெனீவாவில் இருக்கிற ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு நீங்களோ நானோ அந்த வழியில் போக முடியாது. நம் நீதிமன்றம் வழியாகத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும், 1997இல் வேலையிடத்துப் பாலியல் தொல்லை பற்றிய விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் பெண்களுக்கான ஐ.நா. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்ட மாதிரி. நம் அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு தாய்மொழிக் கல்வியை ஆரம்ப நிலைக்குத்தான் சொல்கிறது. நான் நின்றுபோன இடமும் அதற்கு அடுத்த படிதான்.

பிழைப்பு விஷயம். சித்தூர் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிறேன், பெரும்பாலும் பாகப்பிரிவினை, செக் கேஸ். கெஸ்ட் லெக்சரர் வேலைக்குப் போடலாம் என்று பார்த்தால் நான் வாங்கிய தமிழ்நாட்டுப் பட்டம் கேரளப் பட்டத்துக்குச் சமம் என்று ஈக்வலன்சி சர்டிபிகேட் கேட்டார்கள். சரி, வாங்கலாம் என்று போனால், என் எஸ்.எஸ்.எல்.சி.யில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பட்டத்தில் முன்னால் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தானா என்று சந்தேகமாம்! வில்லேஜ் ஆபீஸில் ஒன் அண்ட் சேம் சர்டிபிகேட் வாங்கி வரச் சொன்னார்கள். நாலு தடவை பஸ் ஏறினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் காகிதம். கடைசி நாள் முடிந்தபிறகு கையில் கிடைத்தது. எல்லையோரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்படியும் நடக்கிறது. உங்கள் ஊரும் எல்லையோரம் என்றால் இனிஷியலை இப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

சேரலாமா வேண்டாமா என்று இன்னும் குழப்பமாக இருந்தால், ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புகள் அந்த நீதிமன்றத்தின் ஹூடாக் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஏரி எதிர் அயர்லாந்து, 1979, அதை எடுங்கள். கணவனிடமிருந்து சட்டப்படி பிரிய வக்கீல் வைக்கப் பணம் இல்லாத ஒரு அம்மாவின் வழக்கு, நீளமும் குறைவு. நடந்ததைச் சொல்லும் பகுதியை மட்டும் இன்று ராத்திரி படித்துப் பாருங்கள். புரியாமல் தட்டுகிற பத்தியின் எண்ணைக் குறித்து அனுப்புங்கள் தங்கச்சி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன்.