பர்னிங் மேனுக்கு ‘ஃபுல் பேக்கேஜ்’: மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள்

கேள்வி: நானும் கணவரும் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் வசிக்கிறோம். அவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த எச்-4 விசா. ஆகஸ்ட் கடைசியில் நெவாடா பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் முகாம் விழாவுக்குப் போக ஆசை. வாட்ஸ்அப் குழுவில் பழக்கமான தமிழ் அண்ணா ஒருவர் டிக்கெட், கூடாரம், ஏசி, மூன்று வேளை சைவச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,800 டாலர் என்றார். 500 டாலர் முன்பணம் ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவையில் அனுப்பிவிட்டோம். மீதியைக் கட்டலாமா? விசாவுக்குச் சிக்கல் வருமா? கழிவறை எப்படி? எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

பதில்: மீதியைக் கட்டாதீர்கள். அந்த அண்ணா நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சிக்கே நான் போகவில்லை. நல்லவராகவே இருந்தாலும் அவர் விற்கும் சரக்கு அங்கே விற்கக் கூடாத சரக்கு.

1986-இல் லேரி ஹார்வியும் ஜெர்ரி ஜேம்ஸும் சான் ஃபிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் எட்டடி மரப்பொம்மையை எரித்ததில் தொடங்கிய விழா இது. 1990-இல் பிளாக் ராக் பாலைவனத்துக்குப் போனது. 2004-இல் ஹார்வி பத்துக் கொள்கைகளை எழுதி வைத்தார். பத்தையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. உங்கள் விஷயத்தில் மூன்று போதும். உன் பாட்டை நீயே பார்த்துக்கொள், கொடுப்பதைப் பதிலுக்கு எதிர்பார்க்காமல் கொடு, எதையும் வியாபாரமாக்காதே. உள்ளே கடைத்தெரு என்று ஒன்று கிடையாது. கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் அங்கே வாங்க முடிவது கிட்டத்தட்ட ஐஸ் கட்டி மட்டும்தான். முன்பு மைய முகாமில் காப்பி விற்றார்கள், 2022-லிருந்து அதையும் நிறுத்திவிட்டார்கள்.

நிலம் அமெரிக்க மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையுடையது. அந்தத் துறை கொடுக்கும் பெர்மிட்டில்தான் விழாவே நடக்கிறது. வெளியிலிருந்து வந்து காசுக்குச் சேவை செய்கிறவர்கள் விழா அமைப்பிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். உங்கள் அண்ணாவிடம் அந்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். “அதெல்லாம் நமக்குத் தெரிஞ்ச ஆளுங்கதான் கேட்ல இருக்காங்க” என்பார். எல்லாத் தரகர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். கேட்டில் நிற்பவர்கள் தன்னார்வலர்கள். காரைத் திறந்து, மெத்தைக்கு அடியில்கூட யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அவருக்குத் தெரிந்த ஆள் அன்றைக்கு அந்த வரிசையில் ஷிஃப்டில் இருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரகர்கள் ஒளிந்துகொள்வது இதன் பின்னால்தான். தீம் கேம்ப் என்று சொல்லப்படும் குழு முகாம்கள் உறுப்பினர்களிடம் பணம் வசூலிக்கின்றன. அது தவறே இல்லை. சில நூறு டாலரும் உண்டு, ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. சென்னையில் பேச்சிலர்கள் நாலு பேர் சேர்ந்து நடத்தும் மெஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பணம் போடுவார்கள், முறை வைத்துப் பாத்திரமும் தேய்ப்பார்கள். பணம் மட்டும் போட்டுவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் அது ஓட்டல். நியாயமான முகாமில் சேரும்போது பணத்துக்கு முன்னால் உங்களிடம் வேலையைத்தான் கேட்பார்கள்: எத்தனை ஷிஃப்ட் செய்வீர்கள், நிழற்பந்தல் போடத் தெரியுமா, கடைசி நாள் பிரித்துக் கட்ட இருப்பீர்களா. வரவு செலவுக் கணக்கு எல்லோர் பார்வைக்கும் இருக்கும். மின்சாரத்துக்கு இவ்வளவு, லாரி வாடகை இவ்வளவு, அரிசி பருப்புக்கு இவ்வளவு என்று தெரியும். டிக்கெட்டைப் பெரும்பாலும் நீங்களேதான் வாங்கிக்கொள்ள வேண்டும். வருகிறவர்களுக்கு அந்த முகாம் என்ன தருகிறது என்பதும் தெளிவாக இருக்கும். மாலையில் டீ கொடுப்பார்கள், சைக்கிள் பழுது பார்ப்பார்கள், எதுவானாலும் ஒன்று இருக்கும். எங்கள் முகாமில் சமையல் பொறுப்பு என்னுடையது. உங்களைப் போன்றவர்கள் கேட்டு வந்தால் நான் முதலில் கேட்பது வெங்காயம் நறுக்குவீர்களா என்பதுதான். உங்கள் அண்ணா உங்களிடம் ஒரு வேலையாவது கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அது கேம்ப் கட்டணம் ஆகாது.

முகாமே இல்லாமலும் போகலாம் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊர் அரைவட்டத்துக்கும் மேலாக வளைந்து கிடக்கும். மையத்திலிருந்து விரியும் தெருக்களுக்குக் கடிகார மணிதான் பெயர், இரண்டு மணித் தெருவில் தொடங்கிப் பத்து மணித் தெரு வரை. ஒதுக்கீடு ஆகாத இடத்தில் போய் நீங்களே கூடாரம் அடித்துக்கொள்ளலாம், வாடகை கிடையாது.

டிக்கெட் கதை எரிச்சலானது. முதலில் இணையத்தில் ப்ரொஃபைல் போட வேண்டும். பிறகு, குறிப்பிட்ட சில நாட்களுக்குள் விற்பனைக்குப் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் விற்பனை நாளன்று கம்ப்யூட்டர் முன்னால் வரிசை. பதிவு நாளைத் தவறவிட்டவர்கள் விற்பனை நாளில் வேடிக்கைதான் பார்க்கலாம். எளிமையாக வாழச் சொல்கிறவர்கள் ஒரு டிக்கெட்டை எளிமையாக விற்றால் என்ன என்று வருடா வருடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் குழப்பம்தான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது. ஆனாலும் 2024-இல் பொது விற்பனை டிக்கெட் 575 டாலர், கார் பாஸ் 150 டாலர், அந்த வருடம் டிக்கெட் முழுதாக விற்றுத் தீரவே இல்லை. போக முடியாதவர்கள் அசல் விலைக்குத் திருப்பி விற்க அமைப்பே வழி வைத்திருக்கிறது. அங்கே பாருங்கள். டிக்கெட்டின் போட்டோவை அனுப்பிப் பணம் கேட்பவர்களை பிளாக் செய்யுங்கள். கார் பாஸ் கிடைக்கவில்லை என்று இருநூறு முந்நூறு கூடுதலாகக் கொடுக்க வேண்டாம், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்தும் ரீனோவிலிருந்தும் விழாவின் பஸ் போகிறது.

கொடுத்த 500 டாலர்? ஸெல்லில் நீங்களாக விரும்பி அனுப்பிய பணத்தைப் பிடித்துக் கொடுக்க வங்கிகள் சுலபத்தில் முன்வருவதில்லை. “நீங்கள்தானே அனுப்பினீர்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கடன் அட்டையாக இருந்திருந்தால் முறையிட வழி இருந்திருக்கும். இருந்தாலும் அண்ணாவுக்கு எழுத்தில் கேளுங்கள்: முகாமின் பெயர் என்ன, எந்தத் தெருவில் இடம் கொடுத்திருக்கிறார்கள், அனுமதி எங்கே. பதில் மழுப்பலாக வந்தால் அந்த உரையாடலோடு வங்கியில் புகார் கொடுங்கள். முன்பணம் போகிறதே என்று மீதி 5,100 டாலரையும் சேர்த்துப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பைத்தியக்காரத்தனம்.

விசா விஷயத்துக்கு வருகிறேன். விழாவுக்குப் போவதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து கஞ்சாவில் இருக்கிறது. நெவாடா மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி செல்லும், ரீனோவில் கடையே இருக்கிறது. ஆனால் விழா நடப்பது மத்திய அரசு நிலத்தில். அங்கே மத்திய சட்டப்படி அது குற்றம். அமெரிக்கக் குடிமகனுக்கு அபராதத்தோடு முடிவது, விசாவில் இருப்பவருக்கு அப்படி முடியாமல் போகலாம். போதைப்பொருள் வழக்கில் தண்டனை மட்டுமல்ல, செய்தேன் என்று அதிகாரியிடம் ஒப்புக்கொள்வதுகூட அடுத்த முறை நாட்டுக்குள் நுழைவதற்குத் தடையாகலாம். மாநிலத்தில் சட்டப்படி சரி என்ற வாதம் குடிவரவு அதிகாரியிடம் எடுபடாது.

இதில் கவனிக்க வேண்டிய இடம், அந்த ஊரின் நல்ல குணமே. யாராவது சிரித்தபடி ஒரு தட்டை நீட்டுவார்கள், பிரவுனி இருக்கும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, அங்கே எல்லோரும் கேட்பார்கள். தெளிவான பதில் வராவிட்டால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். அன்பளிப்பு என்பதற்காக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு காரில் திரும்பாதீர்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானாலும், தீர்ப்பு வரும் முன்பே விசாவை ரத்து செய்ய வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் உண்டு. பாஸ்போர்ட்டும், நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94 நகலும் ஜிப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பழைய வழக்கு ஏதாவது இருந்தால் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவை அல்ல.

போலீஸ் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் வழியில்தான். வாட்ஸ்வொர்த்திலிருந்து 447-ஆம் சாலை பிரமிட் லேக் பயூட் பழங்குடியினரின் நிலத்தின் ஊடாகப் போகிறது. நிக்ஸன் ஊருக்குள் வேக வரம்பு சட்டென்று இறங்கும். காருக்குப் பின்னால் சைக்கிள் மாட்டினால் சக்கரம் நம்பர் பிளேட்டை மறைக்கும், அது ஒன்றே நிறுத்தப் போதுமான காரணம். திரும்பும்போது பிளேட்டில் படிந்த புழுதியைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனி, பேக்கேஜ் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது. தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு ஒன்றரை காலன். இரண்டு பேருக்கு எட்டு நாள் என்றால் 24 காலன், ஏறத்தாழ 90 லிட்டர். பகலில் வெயில் 100 ஃபாரன்ஹீட்டைத் தொடும், இரவில் ஸ்வெட்டர் வேண்டும். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகளைத் தூக்கிப் போடுங்கள், முதல் புழுதிக் காற்றிலேயே பிடுங்கிக்கொண்டு போகும். ஓரடி நீளத் திருகாணிகளை வாங்கி டிரில்லரால் இறக்க வேண்டும். கண்ணை மூடும் காகிள்ஸ், என்-95 முகக்கவசம். அந்தப் புழுதி காரத்தன்மை கொண்டது. வெறும் செருப்போடு இரண்டு நாள் நடந்தால் குதிகால் பாளம் பாளமாக வெடிக்கும். ஷூவும் சாக்ஸும் போடுங்கள், இரவில் வினிகர் கலந்த தண்ணீரில் காலைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

சாப்பாட்டில் நம்மவர்கள் யோசிக்காதது கழுநீர். அரிசி களைந்த தண்ணீரையோ பாத்திரம் கழுவிய தண்ணீரையோ தரையில் ஊற்றக் கூடாது, ஊருக்குத் திருப்பி எடுத்துவர வேண்டும். அதனால் அங்கே உலை வைக்கும் ஆசையை விடுங்கள். புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, அவல், சப்பாத்தி போதும். தட்டைப் பேப்பரால் துடைத்து, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடித்து மறுபடி துடைத்தால் கழுநீரே சேராது. குப்பைத் தொட்டி என்று ஒன்று ஊரிலேயே கிடையாது. கொண்டுபோனது எல்லாம் திரும்பி வர வேண்டும், தாளித்த கறிவேப்பிலை உட்பட. விழா முடிந்த பிறகு ஆட்கள் வரிசையாக நடந்து தரையைப் பொறுக்கி, எந்த இடம் சுத்தம், எந்த இடம் மோசம் என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் வரைபடம் போடுவார்கள். சிவப்பு வாங்கும் முகாமுக்கு அடுத்த வருடம் இடம் கிடைப்பதே கஷ்டம். ஆகவே சம்கி வைத்த துப்பட்டா, ஜிகினா, இறகு எதுவும் வேண்டாம். ஒரு சம்கி உதிர்ந்தாலும் மண்டியிட்டுத் தேடி எடுக்க வேண்டியவர் நீங்கள்தான். ஆடையில்லாமலும் சிலர் நடப்பார்கள். யாரையும் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள், கேட்காமல் தொடவும் கூடாது.

கழிவறை தெருவோரம் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் பெட்டிதான். உடம்பிலிருந்து வருவதும் ஒற்றை அடுக்கு டாய்லெட் பேப்பரும் தவிர வேறு எதுவும் உள்ளே விழக் கூடாது. ஈரத் துடைப்பான் ஒன்று விழுந்தாலும் உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொள்ளும். நமக்குத் தண்ணீர் இல்லாமல் ஆகாது என்பதால் மூக்கு வைத்த சின்ன பாட்டில் ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். இரவுக்குத் தலையில் மாட்டும் டார்ச் வேண்டும், உள்ளே விளக்கு இருக்காது.

லீவு பற்றி. பொம்மையை எரிப்பது சனிக்கிழமை இரவு, விழாவுக்காக மரத்தில் கட்டும் கோவிலை எரிப்பது ஞாயிறு இரவு, திங்கள் அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறை. ஆனால் 2023-இல் செப்டம்பர் 1 அன்று பெய்த மழையில் தரை களியாகி, கேட்டை மூடிவிட்டார்கள். காரை எடுக்கவே விடவில்லை, பொம்மை எரிந்ததே திங்கள் இரவில்தான். மழை இல்லாத வருடத்திலும் வெளியே வர ஒரே சாலை, மணிக்கணக்கில் வரிசை. இரண்டு நாள் சாப்பாடும் தண்ணீரும் கூடுதலாக வையுங்கள். உங்கள் கணவர் புதன்கிழமை வரை லீவு எழுதிக் கொடுக்கட்டும். செவ்வாய் காலை ஒன்பது மணி மீட்டிங்குக்கு வந்துவிடுகிறேன் என்று மட்டும் மேனேஜரிடம் சொல்லிவிட வேண்டாம்.