தூக்கிய ஜீப் ரோட்டில் அலைகிறதா? ஸ்டீயரிங் பாக்ஸ் மாற்றுவதற்கு முன் ஷேக்கிளைப் பாருங்கள்

கேள்வி: கம்பத்தில் இருக்கிறேன். பழைய மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பில் கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகிறேன். போன வருஷம் நீள ஷேக்கிளும் (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டையும் போட்டு இரண்டு இன்ச் தூக்கி, பெரிய டயரும் மாட்டினேன். அதிலிருந்து 40-ஐத் தாண்டினாலே வண்டி நேராகப் போவதில்லை, ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. டை ராடு எண்ட் (முன் வீல்களை இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) எல்லாம் மாற்றியாச்சு, அலைன்மென்ட்டும் பார்த்தாச்சு. இப்போது ஸ்டீயரிங் பாக்ஸ் (வளையத்தைச் சுற்றுவதை வீலுக்குக் கடத்தும் கியர் பெட்டி) மாற்றணும், 18 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. வண்டியைத் தூக்கிய அன்றிலிருந்துதான் அலைகிறது. பாக்ஸ் தேய வருஷக்கணக்காகும், ஒரே நாளில் தேயாது. ஸ்டீயரிங் லூஸ் என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் இரண்டு வேறு கோளாறு. ஒன்று, எங்கோ ஒரு மூட்டில் ஆட்டம் விழுந்திருப்பது. இன்னொன்று, மூட்டெல்லாம் இறுக்கமாக இருந்தும் வீல் தானாக நேருக்கு வர மறுப்பது. உங்களுடையது பெரும்பாலும் இரண்டாவது.

சைக்கிள் ஹேண்டில்பாரின் தண்டு மேலே கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு அந்தச் சாய்வு ஒரு முக்கியக் காரணம். ஜீப்பிலும் முன் வீல் திரும்புகிற அச்சான கிங் பின் அப்படித்தான் பின்னால் சாய்ந்திருக்கும், பழைய ஜீப்புகளில் சுமார் 3 டிகிரி. இதற்குப் பெயர் காஸ்டர். ஷேக்கிளை நீட்டும்போது ஸ்பிரிங் சாய்கிறது, அதோடு ஆக்சில் உருள்கிறது, அந்த 3 டிகிரியும் கரைந்துபோகலாம். அப்புறம் யார் பிடித்தாலும் வண்டி அலையத்தான் செய்யும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள், இதில்தான் மெக்கானிக்குகளே தவறுகிறார்கள். முன் ஸ்பிரிங்கின் எந்த முனையில் ஷேக்கிள் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பம்பர் பக்கம், அதாவது முன் முனையில் இருந்தால், நீள ஷேக்கிள் காஸ்டரைக் குறைக்கும். பின் முனையில் இருந்தால் நேர் எதிர், காஸ்டர் கூடும். அப்போது ஸ்டீயரிங் கனக்குமே தவிர, அதனால் வண்டி அலையாது. கைமாறி வந்த பழைய ஜீப்பில் எவரோ எப்போதோ ஸ்பிரிங் ஹேங்கரை வெட்டி மாற்றி வெல்டிங் வைத்திருக்கலாம், அதனால் கம்பெனி படத்தை நம்பாதீர்கள், உங்கள் வண்டியைப் பாருங்கள். பின் முனையில்தான் ஷேக்கிள் என்றால் காஸ்டரை விட்டுவிட்டு நேராக மூட்டுச் சோதனைக்குப் போங்கள்.

காஸ்டரை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கிங் பின் மேல்மூடி தட்டையாக இருந்தால் அதன்மேல் செல்போனை முன்பின்னாக வைத்து லெவல் பாருங்கள். முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்து இருந்தால் சரி. மட்டமாகவோ முன்பக்கம் தாழ்ந்தோ இருந்தால் கோளாறு அதுதான். ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு மாதிரி இரும்பு ஷிம் வைத்து, கிங் பின் தலை பின்னால் சாயும்படி செய்தால் தீரும். அலுமினிய ஷிம் கொடுத்தால் வாங்காதீர்கள், நசுங்கி நழுவிவிடும். ஆக்சிலையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டை நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி இறுக்கணும்.

மூட்டுச் சோதனைக்குச் செலவே இல்லை. வீல்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சின்னச் சின்னதாக இடமும் வலமும் ஆட்டட்டும், நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின்மேலும் கை வையுங்கள். பவர் ஸ்டீயரிங் இருந்தால் எஞ்சின் ஓடணும், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, வீலுக்குக் கட்டை வைத்துவிட்டுப் படுங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைகிற இடம்தான் ஆட்டம். பாக்ஸ் சேஸிஸோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள், பெரிய டயர் போட்ட வண்டியில் அது விடும். பிறகு முன் வீலை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின்.

இந்தச் சோதனைக்கு அரைமணி நேரம் போதும். அதைக்கூட செய்யாமல் பாக்ஸ் மாற்றச் சொல்கிறார்கள் என்றால் நடுவில் கமிஷன் ஆள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீகண்டிஷன் பாக்ஸ் என்று வருவதில் பாதி, பழையதைக் கழுவிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தது. இன்னும் சிலர் பாக்ஸ் மேலிருக்கும் ஸ்க்ரூவை முறுக்கி, ஆட்டம் போச்சு பாருங்க என்று காட்டுவார்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் பாக்ஸ் உள்ளே பிடித்துக்கொள்ளும், வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் திரும்பி வராது. வளையத்தின் ஓரத்தில் ஒரு இன்ச் சும்மா ஆடுவது இந்த வயது ஜீப்புக்குச் சகஜம். ஸ்டீயரிங் டேம்பர் (அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாட்டினால் சரியாகும் என்பதும் பொய், அது நோயை மறைக்கும், அவ்வளவுதான்.

பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் திரும்பினால், வண்டி உயர்ந்ததில் டிராக் லிங்க் (பாக்ஸிலிருந்து வீலுக்குப் போகும் கம்பி) சரிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கென்று வருகிற டிராப் ஆர்ம் (பாக்ஸையும் அந்தக் கம்பியையும் இணைக்கும் கை) வாங்குங்கள். பட்டறையில் சூடாக்கி வளைத்த டிராப் ஆர்மை என் கண் முன்னால் யாரும் வண்டியில் மாட்ட விடமாட்டேன். அது ஒடிந்தால் ஸ்டீயரிங் கையில் இருக்கும், வீல் தன் போக்கில் போகும்.

அலைன்மென்ட் கடையில் நீங்கள் கொடுத்த காசுக்கு டோ (மேலிருந்து பார்த்தால் வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் பார்த்திருப்பார்கள். காஸ்டர் எத்தனை டிகிரி என்று அச்சடித்த தாளைக் கேளுங்கள், தரமாட்டேன் என்றால் வேறு கடை.

இன்னொன்றும் சொல்லணும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் சிக்கும், 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது, கேரளப் பக்கம் கெடுபிடி அதிகம். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போனால் ஸ்டிக்கரும் பெயிண்டும் பார்ப்பார்கள், ஒருவராவது படுத்து டை ராடைப் பிடித்துப் பார்த்து நான் கண்டதில்லை. தூக்கிக் கொடுத்த கடைக்காரரை யாரும் கேட்பதில்லை, மாட்டிக்கொள்வது வண்டிக்காரர்தான். ஷிம் போட்டும் சரியாகவில்லை என்றால் பழைய ஷேக்கிளையே மாட்டிவிடுங்கள். அதுவரை அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் தோட்டத்துப் பெண்களை இந்த ஜீப்பில் ஏற்றாதீர்கள், நான்கு நாள் வாடகை வண்டி பிடியுங்கள்.