எடை குறைந்த மடிக்கணினிக்கு நாற்பது விழுக்காடு கூடுதல் விலை தரலாமா?

கேள்வி: சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தனித்தொழில் செய்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் வாடிக்கையாளர்களின் அலுவலகங்களுக்குச் செல்வேன். மற்ற நாள்களில் வீட்டு மேசையில்தான் வேலை. பழைய மடிக்கணினி ஓய்ந்துவிட்டதால் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 1 கிலோ எடை, 45 வாட்-மணி (பேட்டரியில் சேமிக்கும் மின்சார அளவு) பேட்டரி, இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டுகள் மட்டும் கொண்டது. இரண்டாவது 1.4 கிலோ எடை, 57 வாட்-மணி பேட்டரி. அதில் யூஎஸ்பி-சி இரண்டு, பழைய அகல யூஎஸ்பி இரண்டு, எச்டிஎம்ஐ ஒன்று உண்டு. புராசஸர், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் இரண்டிலும் ஒன்றே. இரண்டாவதன் விலையை 100 என்று கொண்டால் முதலாவதன் விலை 140. பென் டிரைவ், கையொப்ப டோக்கன் (மின்னணுக் கையொப்பமிட உதவும் யூஎஸ்பி சாதனம்), புரொஜெக்டர் ஆகியவற்றை அடிக்கடி இணைக்க வேண்டியிருக்கும். என் அவசரகால நிதியில் மூன்று மாதச் செலவுக்கான தொகைதான் இருக்கிறது. வட்டியில்லாத் தவணையில் முதலாவதை வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். தொழிலுக்கான செலவுதானே, சரியா?

பதில்: தொழிலுக்காகச் செய்கிறோம் என்பதாலேயே ஒரு செலவு நியாயமாகிவிடாது. அது வருமானத்தைக் கூட்டுகிறதா அல்லது வேறொரு செலவைக் குறைக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நீங்கள் தந்துள்ள விவரங்களின்படி இரண்டாவதை வாங்குங்கள் என்பதே என் கருத்து. கூடுதலாக 40 கொடுத்து நீங்கள் பெற நினைப்பது 400 கிராம் எடைக்குறைவு. ஆனால் வாடிக்கையாளரிடம் செல்லும் நாளில் உங்கள் பையில் அந்த 400 கிராம் முழுவதும் குறையப்போவதில்லை.

மடிக்கணினியை மட்டும் தராசில் வைக்காமல் பையை முழுவதுமாக வைத்துப் பாருங்கள். முதலாவதில் புரொஜெக்டரையோ பழைய யூஎஸ்பி டோக்கனையோ நேரடியாக இணைக்க முடியாது என்பதால் ஒரு ஹப் (ஒரே துளையில் மாட்டிப் பல போர்ட்டுகளைத் தரும் சிறு கருவி) வேண்டும். அதன் வயரையும் சேர்த்து 100 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவதன் பேட்டரி உங்கள் வேலைநாளைத் தாங்காது என்பதால் (அந்தக் கணக்கு கீழே வருகிறது) சார்ஜரையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும்; அது வயரோடு சுமார் 250 கிராம் இருக்கும். ஆக, 1 கிலோ என்று விளம்பரப்படுத்தப்படும் பொருள் உங்கள் தோளில் ஏறும்போது 1.35 கிலோ ஆகிறது. இரண்டாவதை ஹப்பும் சார்ஜரும் இல்லாமல் எடுத்துச் சென்றால் அது அதே 1.4 கிலோதான். வித்தியாசம் 50 கிராம். சார்ஜருக்குப் பதிலாகப் பவர் பேங்க் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றலாம். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட பவர் பேங்கின் கொள்ளளவு சுமார் 74 வாட்-மணி. மின்னழுத்தத்தை மாற்றும்போது அதிலும் ஒரு பகுதி வீணாகும். அந்த அளவுப் பவர் பேங்க் ஏறக்குறைய 400 கிராம் இருக்கும் என்பதால், நீங்கள் கூடுதல் விலை கொடுத்து இறக்கிய சுமை மறுபடியும் பைக்குள்ளேயே வந்துவிடும்.

இனி பேட்டரிக்கு வருவோம். விளம்பரத்தில் போடப்படும் மணிக்கணக்கை அப்படியே நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். திரை ஒளியைக் குறைத்து வைத்து ஒரே காணொளியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு எடுத்த அளவாக அது பல நேரங்களில் இருக்கும். காணொளியை விரித்துக் காட்டுவதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருப்பதால் அந்த வேலைக்கு மின்சாரம் மிகக் குறைவாகத்தான் செலவாகும். உங்கள் வேலை வேறு. விரிதாளும் உலாவியும் திறந்திருக்கும்போது சராசரியாக 6 வாட், காணொளி அழைப்பிலோ புரொஜெக்டரில் காட்டும்போதோ 12 வாட் செலவாகிறது என்று கொள்வோம். ஐந்து மணி நேர மேசை வேலைக்கு 30 வாட்-மணி, ஒன்றரை மணி நேர அழைப்புக்கு 18 வாட்-மணி, மொத்தம் 48. முதலாவதன் 45 வாட்-மணி பேட்டரி வாங்கிய முதல் நாளிலேயே இதற்குப் போதாது. இரண்டாவதன் 57-இல் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

அந்த மிச்சமும் நிலையானதல்ல. லித்தியம்-அயான் பேட்டரிகள், தயாரிப்பைப் பொறுத்து, 300 முதல் 1,000 முழு சார்ஜ் சுழற்சிகளுக்குப் பின் (முழுக் கொள்ளளவுக்குச் சமமான மின்சாரம் செலவானால் ஒரு சுழற்சி) ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு இறங்கும் என்பது பொதுவான கணக்கு. அந்த நிலையில் முதலாவதில் 36 வாட்-மணியும் இரண்டாவதில் 45.6 வாட்-மணியும்தான் மிஞ்சும். அதாவது இரண்டாவதும் உங்கள் ஒரு நாள் வேலைக்குச் சற்றே குறைந்துவிடும். எனவே எதை வாங்கினாலும் மூன்றாம் ஆண்டு வாக்கில் பேட்டரி மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். இங்கே சிறிய பேட்டரிக்கு இன்னொரு பாதகமும் உண்டு: அதே 48 வாட்-மணி வேலைக்கு அது ஒரு சுழற்சிக்கு மேல் ஓட வேண்டியிருக்கும், பெரியது முக்கால் சுழற்சிக்குச் சற்று மேலேயே முடித்துவிடும். ஆகவே சிறியது சீக்கிரமும் தேயும். வீட்டில் இருக்கும் நாள்களில் 80 விழுக்காட்டோடு சார்ஜ் நிற்கும்படி அமைப்பை மாற்றி வைத்தால் இரண்டின் ஆயுளும் நீளும்.

போர்ட்டுகளைப் பொறுத்தவரை, மெல்லிய உடலில் அவை காணாமல் போவதற்குப் பருமனும் ஒரு காரணம். பழைய யூஎஸ்பி பிளக்கின் உயரம் 4.5 மில்லிமீட்டர், யூஎஸ்பி-சி துளையின் உயரம் சுமார் 2.6 மில்லிமீட்டர். ஓரத்தைக் கூராக்க வேண்டுமென்றால் எதை விட்டுவிடுவார்கள் என்பது தெரிந்ததே. ஆனால் இந்தப் பாதையில் போன நிறுவனங்களே திரும்பி வந்ததும் உண்டு. 2016-இல் மேக்புக் புரோவை யூஎஸ்பி-சி வடிவப் போர்ட்டுகளோடு மட்டும் வெளியிட்ட ஆப்பிள், 2021-இல் எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு துளை, காந்த சார்ஜர் மூன்றையும் மீண்டும் வைத்தது. தொழிலுக்காக வாங்குவோருக்கு அவை தேவைப்பட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

இரண்டு போர்ட்டுகள் மட்டும் உள்ள கணினியில் சார்ஜர் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிஞ்சுவது ஒன்றுதான். அதில் ஹப்பை மாட்டினால் டோக்கன், பென் டிரைவ், புரொஜெக்டர் மூன்றும் ஒரே துளையை நம்பி நிற்கும். கூட்டத்தின் நடுவில் ஹப் சற்று அசைந்தால் மூன்றும் ஒருசேரத் துண்டிக்கப்படும். மலிவான ஹப்புகளில் 4கே (மிக நுணுக்கமான) திரை வினாடிக்கு 30 முறை மட்டுமே புதுப்பிக்கப்படுவதும் வழக்கம். எண்களைக் காட்டும் உங்களுக்கு அது பெரிய குறையல்ல, சுட்டி நகர்வது மட்டும் கண்ணை உறுத்தும். யூஎஸ்பி-சி துளை மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால், அது தளர்ந்துபோகும்போது போர்டையே கழற்றிச் செய்யும் பழுதுபார்ப்பு ஆகிவிடும். இதை வாங்கும் முன்பே விற்பனையாளரிடம் கேட்டு வையுங்கள்.

இவற்றையெல்லாம் ஐந்து ஆண்டுக் கணக்காக எழுதுகிறேன். முதலாவதுக்கு விலை 140, நல்ல ஹப்புக்கு 5, பசையிட்டு ஒட்டிய பேட்டரியை மாற்ற 12, ஆக 157. இரண்டாவதுக்கு விலை 100, திருகாணியால் பொருத்திய பேட்டரியை மாற்ற 7, ஆக 107. ஹப், பேட்டரி ஆகியவற்றுக்கு நான் போட்டவை உத்தேச எண்கள். நீங்கள் விசாரித்த விலையை அங்கே போட்டுக்கொள்ளுங்கள், முடிவு பெரிதாக மாறாது. வித்தியாசம் 50. வாரம் இரண்டு நாள் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 100, ஐந்து ஆண்டில் 500 பயண நாள்கள். ஆக ஒவ்வொரு பத்துப் பயண நாளுக்கும் இரண்டாவது கணினியின் விலையில் நூற்றில் ஒரு பங்கைச் செலவிடுகிறீர்கள், அதுவும் 50 கிராமுக்காக. ஐந்தாம் ஆண்டில் விற்றால் மெல்லியதற்குச் சற்றுக் கூடுதல் விலை கிடைக்கலாம். அந்த வயதில் இரண்டுமே அடிமாட்டு விலைக்குத்தான் போகும் என்பதால் அதை நான் சேர்க்கவில்லை.

தவணையைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டியில்லை என்று சொல்லப்படும் தவணையில் நடைமுறைக் கட்டணம் இருக்கிறதா, மொத்தமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் இல்லாமல் போகிறதா என்று பாருங்கள். இவை இரண்டையும் கூட்டினால் வருவதுதான் மறைந்திருக்கும் வட்டி. மாத வருமானம் ஏறி இறங்கும் தனித்தொழிலில் மூன்று மாத அவசரகால நிதி போதாது. ஆறு மாதமாவது வேண்டும். மிச்சமாகும் 40 அங்கேதான் போக வேண்டும். கூடவே, அதே அளவுகோலில் மாதந்தோறும் 2 தனியாக ஒதுக்கி வந்தால் ஐந்து ஆண்டில் 120 சேர்ந்து, பேட்டரி மாற்றும் செலவு போக அடுத்த கணினிக்கான தொகையும் பெருமளவு கையில் இருக்கும்.

வாரத்தில் ஐந்து நாளும் பையோடு நடப்பவருக்கோ, கழுத்து வலி உள்ளவருக்கோ, எல்லா வேலையும் உலாவியிலேயே முடிந்து எதையும் செருகத் தேவையில்லாதவருக்கோ நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். அவர்கள் பேட்டரியின் கொள்ளளவைவிட சிப்பின் சிக்கனத்தைப் பார்க்க வேண்டும்: 2020-இல் ஆப்பிள் இன்டெல் சிப்பை விட்டுத் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறியபோது, மேக்புக் ஏரின் அதே 49.9 வாட்-மணி பேட்டரிக்கு அந்நிறுவனம் சொன்ன இணைய உலாவல் நேரம் 11 மணியிலிருந்து 15 மணியானது. நீங்கள் பார்த்த இரண்டிலும் புராசஸர் ஒன்றே என்பதால் இந்த வாதம் உங்களுக்குப் பொருந்தாது.

வாங்கும்போது திருப்பித் தரும் கால அவகாசம் எத்தனை நாள் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அந்த அவகாசத்துக்குள் ஒரு முழு வேலைநாள், சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டு, உங்கள் கணக்கு மென்பொருளையே ஓட்டி, டோக்கனையும் புரொஜெக்டரையும் செருகிப் பாருங்கள். விண்டோஸ் என்றால் அதிலேயே உள்ள பேட்டரி அறிக்கையை எடுத்து, வடிவமைப்புக் கொள்ளளவும் முழு சார்ஜில் இருக்கும் கொள்ளளவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். புதிய கணினியில் இடைவெளி பெரிதாக இருந்தால் அன்றைக்கே மாற்றித் தரச் சொல்லுங்கள்.