வெள்ளைக்காரர் வருமுன் மதுரைப் பக்கம் பள்ளிக்கூடமே இல்லையா?

இருந்தன. அதற்குச் சாட்சி வெள்ளைக்காரர்களின் கணக்கேதான். 1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, மதுரை உட்பட எல்லா ஜில்லா கலெக்டர்களிடமும் பள்ளி விவரம் கேட்டார். 1826-ல் தொகுத்துப் பார்த்தால் மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள்.

பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் ஒரே வாத்தியார் நடத்திய திண்ணைப் பள்ளிகள். பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகும். கை திருந்தியதும் ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், அப்புறம் கணக்கு வாய்ப்பாடான எண்சுவடி. முந்திரி, காணி, மா என்று பின்ன வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்ல வேண்டும். வாத்தியார் அசந்தால், மற்றப் பிள்ளைகளை மேய்க்கும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையின் ராஜ்யம்தான். இதை ஒரேயடியாகக் கொண்டாடவும் வேண்டாம்: பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம், தீண்டாமைக்கு ஆளானவர்களுக்குப் பெரும்பாலும் திண்ணையேற வழியில்லை.

1834-ல் அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது. 1854-ல் சார்லஸ் உட் லண்டனிலிருந்து அனுப்பிய கல்விக் கொள்கை அறிக்கைக்குப் பிறகு பள்ளிகளுக்கு அரசு மானியம் வந்தது. மானியம் வேண்டுமென்றால் அரசின் நிபந்தனை, இன்ஸ்பெக்டர் சோதனை எல்லாவற்றுக்கும் உட்பட வேண்டும். திண்ணைப் பள்ளி மெல்லத் தேய்ந்தது இப்படித்தான். 1881-ல் அந்த மிஷன் முயற்சியில் பசுமலையில் முளைத்ததுதான் இன்றைய அமெரிக்கன் கல்லூரி.

ஆனால் மதுரைக்கே உரிய கதை உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறது. ஒரு சாதியையே குற்றவாளிகளாக அறிவித்துக் கைரேகை பதிய வைத்த 1911-ன் குற்றப் பரம்பரைச் சட்டம், அங்குள்ள பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மீது பாய்ந்தது. எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920-ல் போலீஸ் சுட்டது. அதே காலகட்டத்தில்தான் அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் திறந்தது. அப்பனுக்குக் கைரேகைப் பதிவு, மகனுக்குச் சிலேட்டு! கண்காணிக்கத் திறந்த பள்ளிதான் என்றாலும், பிள்ளைகள் அதில் படித்து மேலே வந்தார்கள் என்பதும் உண்மை.