வெள்ளை ஓநாய்க்கு முடி பெயின்ட் பண்ணா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வருது, புதுசா ஆரம்பிக்கிறவங்க என்ன பண்ணலாம்?

நீங்க கேட்டது இதான்: போர்ட் கேம் பாக்ஸ்ல வந்த பிளாஸ்டிக் ஓநாய், கட்டைவிரல் சைஸு, வெள்ளையா வேணும்னு நேரா வெள்ளை பெயின்ட் எடுத்து ரெண்டு கோட் அடிச்சிருக்கீங்க, மூடலையேன்னு மூணாவதும் அடிச்சிருக்கீங்க, இப்ப செதுக்கியிருந்த முடியெல்லாம் அடைஞ்சுபோய் மொழுக்குன்னு நிக்குது. கும்பகோணத்துல உக்காந்துகிட்டு இந்த பொம்மைங்கள பெயின்ட் பண்ற ஆளு நான், அதனால இங்க கெடைக்கிற சாமான், இங்க இருக்குற வெயிலு, ஈரம் இதெல்லாம் வச்சுத்தான் சொல்லப்போறேன்.

மொதல்ல ஒண்ணு, வெள்ளை முடிய வெள்ளையில ஆரம்பிக்காதீங்க. வெள்ளைக்கு மேல போறதுக்கு வேற கலரே கிடையாது, அடியிலயே அத அடிச்சிட்டா அப்பறம் வெளிச்சம் காட்ட என்னத்த வைப்பீங்க? கட்டைவிரல் சைஸு பொம்மைல பள்ளத்துல விழுற நிழல் கண்ணுக்கே தெரியாது, நிழலையும் நம்மதான் வரையணும். அதுபோக மினியேச்சருக்குன்னு வர்ற பாட்டில்ல வெள்ளைதான் மோசமா மூடும், அதனாலதான் எல்லாரும் கெட்டியா அப்பிடுறாங்க. அதுனால வெள்ளை டப்பாவ கடைசியா தொறங்க, அதுவும் ப்ரஷ் நுனி அளவுக்கு. அதுவரைக்கும் எல்லாமே சாம்பலும் சந்தனமும்தான்.

இது புரியலன்னா யூட்யூப் பாக்குறத விட நல்ல வழி ஒண்ணு சொல்றேன். திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கம் யாராவது சொந்தக்காரங்க இருந்தா உம்பளச்சேரி மாட்டப் போய் பாருங்க. கன்னுக்குட்டி பொறக்குறப்ப செவலையாத்தான் இருக்கும், நெத்தில சுட்டி, கால்ல வெள்ளை, வளர வளர செவலை போயி சாம்பல் ஆயிடும். பெரிய பசுமாட்ட தூரத்துல இருந்து பாத்தா வெளுப்பாத்தான் தெரியும். மாட்டுப் பொங்கல் அன்னிக்கு வாய்க்கால்ல குளிப்பாட்டி கரையேத்துன உடனே கிட்டப் போயி பாருங்க, நனைஞ்ச முடி கத்தை கத்தையா ஒட்டிக்கிட்டு நடுவுல கருப்புத் தோல் கோடு கோடா தெரியும். முதுகுத்தண்டு மேல மொதல்ல காஞ்சு வெளுக்கும், கழுத்து மடிப்பு, தொடையிடுக்கு, வயித்துக்கு அடில இதெல்லாம் ரொம்ப நேரம் கருஞ்சாம்பலாவே கெடக்கும். மூக்கு, கண்ணு ஓரம் கருப்பு. எங்க நிழல் எங்க வெளிச்சம்னு அந்த மாடே காட்டிடும், நீங்க ஓநாய்ல வேற எதையும் புதுசா கண்டுபிடிக்க வேணாம்.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது, எந்த விலங்கா இருந்தாலும் முடிக்கு அடில தோல் என்ன கலருன்னு மொதல்ல கேக்கணும். பனிக்கரடிக்கு தோல் கருப்பு, அது முடி உண்மையில வெள்ளையே இல்ல, உள்ள கூடா இருக்குற நிறமில்லாத முடி, வெளிச்சம் பட்டு செதறித்தான் நமக்கு வெள்ளையாத் தெரியுது. அந்த மாதிரிக்கு நிழல் நீலம் கலந்த சாம்பல்ல போனா பொருந்தும். ராஜபாளையம் நாய எடுத்துக்குங்க, தோலு ரோஸ், மூக்கும் ரோஸ், அதுக்குப் போயி நீலச் சாம்பல் நிழல் போட்டா நோயாளி மாதிரி ஆயிடும், பழுப்பும் சந்தனமும்தான் சரி. உங்க ஓநாய்க்கு ரெண்டுமே பொருந்தும், ஆனா புதுசா பண்றவங்களுக்கு நான் பழுப்புப் பக்கம்தான் சொல்லுவேன், கொஞ்சம் கூடக்கொறய போனாலும் அழுக்கு ஓநாய்னு பாக்குறவன் ஏத்துக்குவான், நீலம் கூடிப்போனா எவனும் ஏத்துக்க மாட்டான்.

கலர் விஷயத்துக்கு வரேன். சிட்டாடெல் பெயின்ட் ஆன்லைன்ல வாங்குறீங்கன்னா பழுப்பு வழிக்கு அடில ராகார்த் ஃப்ளெஷ், அது மேல செராஃபிம் செபியா வாஷ் (வாஷ்னா என்னன்னு கீழ சொல்றேன்), அப்பறம் பாலிட் விச் ஃப்ளெஷ், கடைசில ஒய்ட் ஸ்கார். நீலச் சாம்பல் வழிக்கு செலஸ்ட்ரா கிரே, டிரேகன்ஹாஃப் நைட்ஷேட் வாஷ் நல்லா தண்ணியா, உல்துவான் கிரே, ஒய்ட் ஸ்கார். வயஹோங்குற கம்பெனியோட பெயின்ட்னா அடிக்கு டெக் டான், மேல ஐவரி, அந்த ரெண்டு பாட்டில வச்சே பாதி மிருகத்த முடிச்சிடலாம். காசு பாக்குறீங்கன்னா பேன்சி ஸ்டோர்ல கெடைக்கிற ஃபெவிக்ரில், கேம்லின் அக்ரிலிக்லயே அடிக்கலர கலந்துக்கலாம்: வெள்ளைல பர்ன்ட் அம்பர் துளி, யெல்லோ ஓக்கர் அதவிட துளி, கருப்பு ஊசி மொனைல தொட்டு. நனைஞ்ச ஆத்து மணல் கலர் வரணும், டப்பாவுல பாக்கும்போது ‘ஐயோ இவ்ளோ கருப்பாவா’ன்னு தோணுச்சுன்னா சரியா வந்திருக்குன்னு அர்த்தம். வெள்ளை பாட்டில் ஒண்ணு மட்டும் நல்லதா வாங்கிடுங்க, அதுல மிச்சம் புடிக்க வேணாம்.

பிரைமர், அதாவது பெயின்ட் புடிச்சு நிக்க மொதல்ல அடிக்கிற அடிப்பூச்சு, அத பத்தி நெறைய பேசலாம், நான் பேசப்போறதில்ல. பொம்மைய பாத்திரம் வெளக்குற லிக்விட் போட்டு கழுவி காயவச்சு, சாம்பல் கலர் பிரைமர் மெல்லிசா ஒரு கோட். ஐப்பசி கார்த்திகைல மட்டும் ஸ்ப்ரே கேன தொடாதீங்க, காத்துல இருக்குற ஈரத்துக்கு மேல பூத்துப்போயி சொரசொரன்னு ஆயிடும், அந்த ரெண்டு மாசம் ப்ரஷ்ல அடிக்கிற பிரைமர்தான்.

அடிக்கலர் நீர்மோர் பதத்துல ரெண்டு கோட், காஞ்ச பெறகு வாஷ். வாஷ்னா தண்ணியா இருக்குற கருங்கலர், பள்ளத்துல போயி தேங்கி நிழல் காட்டும். எல்லாரும் கோட்ட விடுற எடம் இதான், ஏன்னா வெளிர் கலருக்கு மேல வாஷ் காஞ்சா ஓரத்துல டீ கறை மாதிரி வட்டம் விழும். நம்ம ஊர்ல இதுக்கு பாதி காரணம் சீலிங் ஃபேன், மேல காத்து அடிக்க அடிக்க ஓரம் மட்டும் சட்டுனு காஞ்சு நடுவுல ஈரம் நிக்கும். ஃபேன நிறுத்திட்டு வேர்த்தாலும் பரவால்லன்னு அஞ்சு நிமிஷம் உக்காருங்க. வாஷ்ல சரிபாதி மீடியம் (பெயின்ட நீர்க்க வைக்கிற, கலர் இல்லாத திரவம்) கலந்து, பள்ளமான எடத்துல மட்டும் வைங்க, முழு ஒடம்பும் முக்கி எடுக்காதீங்க. எங்கயாவது சொட்டு தேங்கி நின்னா சுத்தமான ஈர ப்ரஷ் நுனிய வச்சா அதுவே உறிஞ்சிக்கும். அரைகுறையா காஞ்சப்பறம் மட்டும் கைய வைக்காதீங்க, பிஞ்சுக்கிட்டு வரும், முழுசா காயட்டும், வட்டம் விழுந்திருந்தா அடிக்கலர வச்சே திருத்திக்கலாம்.

அப்பறம் ட்ரை ப்ரஷ். பழைய மேக்கப் ப்ரஷ், அந்த கன்னத்துல பவுடர் போடுற உருண்டையான சின்ன ப்ரஷ், இதுக்கு அருமையா இருக்கு, அக்கா தங்கச்சிகிட்ட கேட்டே வாங்கிக்குங்க, கேக்காம எடுத்தா என்ன நடக்கும்னு நான் சொல்ல வேணாம். பெயின்ட தொட்டு, கிட்டத்தட்ட எல்லாத்தையும் தொடச்சிட்டு, மிச்சம் இருக்குறத முடிக்கு குறுக்கால லேசா தடவணும், மேட்டுல மட்டும் கலர் புடிக்கும். இதுல ஒரு சூட்சுமம், டிஷ்யூ பேப்பர்ல தொடச்சா அது இருக்குற ஈரத்தையும் சேத்து இழுத்துடும், சித்திரை வைகாசி வெக்கையில பெயின்ட் ப்ரஷ்லயே பவுடராப் போயி மாவு தெளிச்ச மாதிரி விழும். வெள்ளைல இது இன்னும் அசிங்கமாத் தெரியும். அட்டைலயோ மரப்பலகைலயோ தொடைங்க, ப்ரஷ் மயிர ஈரத்துணில ஒரு தடவ தொட்டுக்குங்க, சொட்டக்கூடாது, லேசா ஈரம் இருந்தா போதும். பாலிட் விச் ஃப்ளெஷோ ஐவரியோ வச்சு மொத தடவ நல்லா, ரெண்டாவது தடவ முதுகு, தலை, வாலு மேல்பக்கம் மட்டும். வயித்துக்கு அடில போகவே போகாதீங்க.

இதோட நிறுத்துனாலே விளையாடுற மேசைக்கு போதும். ஆனா ஓநாய் ஒண்ணே ஒண்ணு, நல்லா வரணும்னா அடுத்த படியும் பண்ணுங்க. ஒண்ணாம் நம்பர் ப்ரஷ், நுனி கூரா இருக்கணும், ஐவரிய தண்ணியாக்கி முடிக்கத்தைங்க மேல ஒவ்வொரு கோடா இழுங்க. வேர்ல இருந்து நுனிக்கு இழுக்கணும், திருப்பி இழுக்கக்கூடாது, ஏன்னா ப்ரஷ் தூக்குற எடத்துலதான் கலர் அதிகமா எறங்கும், அப்ப முடி நுனி தானா வெளுப்பா நிக்கும். பிடரி, கன்னத்துக் கத்தை, புருவமேடு, வால் நுனி, முன்னங்கால் பின்பக்க முடி, இவ்ளோதான், எல்லா எடத்துலயும் இழுத்தா மறுபடி ஒரே வெள்ளையா ஆயிடும். இதுல பத்துல ஒரு கோட்டுக்கு மட்டும் சுத்த வெள்ளை. பொழுது சாஞ்சு மஞ்ச பல்பு வெளிச்சத்துல இத பண்ணாதீங்க, காலைல திண்ணைல வச்சுப் பாத்தா வேற கலரா இருக்கும், டே லைட் எல்இடி இருந்தா அது போதும்.

கொலுவுல வைக்கிற காமதேனுவ பாத்தா மொழுக்குன்னு ஒரே வெள்ளைதான், அதுவும் அழகாத்தான் இருக்கு, அப்ப இவ்ளோ பாடு எதுக்குன்னு ஒருத்தர் கேட்டாரு. அது படில வச்சு எட்ட நின்னு கும்புடுற பொம்மை, மேல முடி செதுக்கல, கண்ணும் நகையும்தான் அதுல வேலை. நம்மளுது கைல எடுத்து மூக்குக்கு நேரா வச்சுப் பாக்குறது, ரெண்டும் வேற கணக்கு.

சொல்ல மறந்துட்டேன், வெளிர் முடி வெளிராத் தெரியுறதுக்கு பாதி வேலை பக்கத்துல இருக்குற கருப்பு. மூக்கு, கண்ணு சுத்தி, உதடு, நகம் இதுக்கெல்லாம் கருஞ்சாம்பல் வைங்க, தனிக் கருப்பு வேணாம், அது மேல மூக்குல மட்டும் ஒரு சின்னப் புள்ளி வெளிச்சம். காதுக்குள்ள ரோஸ் கலந்த பழுப்பு. இது நாலும் வச்ச ஒடனே ‘இன்னும் வெளுக்கலையே’ன்னு நெனச்சிட்டிருந்த ஒடம்பு வெள்ளையாத் தெரியும், எனக்கு இப்பவும் அது ஆச்சரியமாத்தான் இருக்கு. அதே காரணத்துக்காக பேஸ்ல, அதாவது பொம்மை நிக்கிற அடித்தட்டுல, பனி கொட்டாதீங்க, எல்லாரும் வெள்ளை ஓநாய்னா பனிம்பாங்க, சுத்த வெள்ளைப் பனிக்குப் பக்கத்துல நீங்க பாத்துப் பாத்துப் பண்ண முடி மஞ்சளா அழுக்காத் தெரியும். வண்டல் மண்ண சலிச்சு, இரும்புச் சட்டியில வறுத்து ஆறவச்சு, ஃபெவிகால் தடவி ஒட்டுங்க, கருஞ்சேறு கலர்ல அடிச்சு விடுங்க. ஸ்பாஞ்ச்சுல அதே சேத்துக் கலர தொட்டு பாதத்துலயும் முழங்கால் வரைக்கும் ஒத்துனா, பொம்மை தரைல நிக்கிற மாதிரி ஆயிடும். உம்பளச்சேரி மாடு சேத்து வயல்ல உழுறதுக்குன்னே பேர் போனது, பரம்படிச்சிட்டு கரையேறுறப்ப காலு எப்டி இருக்கும்னு பாத்தவங்களுக்கு எவ்ளோ உயரத்துக்கு ஒத்தணும்னு நான் சொல்லத் தேவையில்ல.

இவ்ளோ பொறுமை இல்லன்னா குறுக்கு வழி ஒண்ணு இருக்கு, வெள்ளை பிரைமர் மேல அப்போதிக்கரி ஒய்ட்னு சிட்டாடெல் கான்ட்ராஸ்ட் பெயின்ட் ஒரே கோட், அது தானா பள்ளத்துல சாம்பலா எறங்கும், காஞ்சதும் மேல வெள்ளைய லேசா ட்ரை ப்ரஷ். ஓநாய்க் கூட்டமா பத்து பன்னெண்டு பண்ணணும்னா நானும் அததான் பண்ணுவேன். கிட்டப் பாத்தா கொஞ்சம் பிளாஸ்டர் பூசுன மாதிரி இருக்கும், தூரத்துல தெரியாது.

வார்னிஷ் மேட் மட்டும், தண்ணில கரையிற அக்ரிலிக் வகையா பாத்து ப்ரஷ்ல அடிங்க, ஹார்டுவேர் கடைல மரச்சாமானுக்கு குடுக்குற ஆயில் வார்னிஷ் போனா நாளாக நாளாக மஞ்சளடிச்சிடும். இப்ப கைல இருக்குற ஓநாய தூக்கிப் போடாதீங்க, பிளாஸ்டிக்தான, ஐசோபுரப்பைல் ஆல்கஹால்ல கொஞ்ச நேரம் ஊறவச்சு பழைய டூத் ப்ரஷ்ல தேச்சா அக்ரிலிக் கழண்டு வந்துடும், அடுப்பு பக்கத்துல மட்டும் வச்சுப் பண்ணாதீங்க. கழட்டுனப்பறம் பாத்து முடி செதுக்கல் ஆழமே இல்லாம வழவழன்னு இருந்துச்சுன்னா ட்ரை ப்ரஷ் அதுல எடுபடாது, கமென்ட்ல ஒரு ஃபோட்டோ போடுங்க, அதுக்கு கோடு போடுற முறைய தனியா எழுதுறேன்.