மன்னித்துவிட்டால் நிலத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் எங்கள் விளை. தம்பி எல்லைக்கல்லை நகர்த்தி அரை சென்ட் சேர்த்துக்கொண்டான். மன்னிப்பது என்றால் நிலமும் போகட்டும் என்பதா?

இல்லை. மன்னிப்பு வேறு, ஈடு வேறு. மத்தேயு 18ல் இயேசு சொன்ன உவமையில், ராஜா மன்னித்துவிட்ட வேலைக்காரன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அவனுக்கு உடன் வேலைக்காரனிடமிருந்து வரவேண்டியதோ நூறு வெள்ளிப்பணம், மூன்று மாதக் கூலிக்கு மேல். அதாவது உங்கள் நஷ்டம் சில்லறை என்று வேதம் சொல்லவில்லை. மன்னிக்கப்பட்டதோ அதைப்போல ஆறு லட்சம் மடங்கு. பழிவாங்கும் எண்ணத்தை விடுங்கள், கல் பழைய இடத்துக்கு வரட்டும். லேவியராகமம் 6ல் முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) தருகிறேன் என்றது அவனாகச் சொன்னது, கேட்டு வாங்கியதல்ல.

அதே மத்தேயு 18ல் வழிமுறையும் உண்டு: முதலில் நீங்களும் அவனும் மட்டும். கேட்கவில்லையா, ஒன்றிரண்டு பேரோடு. அப்புறம்தான் சபை. நம் ஊரில் இது தலைகீழாகப் போகும். முதலில் சொந்தக்காரர் காதுக்கு, கடைசியில் தம்பிக்கு. அதுவும் கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லார் முன்னும் எடுத்தால் அவன் மானத்தைக் காக்கவே முரண்டு பிடிப்பான்.

ஒரு மாலை, நிலப் பத்திரமும் சர்வே நம்பரும் கையில் வைத்துக்கொண்டு, "சேர்ந்தே அளந்து பார்ப்போம்டே" என்று கேளுங்கள். அவன் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் கஞ்சி கொண்டுபோங்கள். ஆனால் அன்று நிலப்பேச்சு வேண்டாம்.