பாக்கெட் மேலே இருக்கும் தேதி: கேள்வி பதில்

(உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். லேபிள் தேதி பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.)

கே: ‘பெஸ்ட் பிஃபோர்’, ‘யூஸ் பை’ இரண்டும் ஒன்றுதானே மேடம்?

ப: இல்லை. முதலாவது ருசி, மணம், மொறுமொறுப்பு பற்றியது. அந்த நாள் தாண்டிய பிஸ்கட் நமுத்திருக்கலாம், அவ்வளவுதான். ‘யூஸ் பை’ பாதுகாப்புக்கான கெடு, தாண்டினால் தொடாதீர்கள். இரண்டுமே பிரிக்காத பாக்கெட்டுக்குத்தான் பொருந்தும். பிரித்த நாளை மேலே எழுதி வையுங்கள்.

கே: உப்புக்குத் தேதி தேவையா?

ப: அயோடின் சேர்க்காத உப்புக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரமே விலக்கு தருகிறது. கிருமி வளர அதில் ஈரம் இல்லை.

கே: ஃப்ரீசரில் வைத்தால்?

ப: மைனஸ் 18 டிகிரியில் கிருமி வளராது; ஆனால் சாகாது. கெடு முடியும் முன்பே வையுங்கள்.

கே: நாங்கள் மோந்து பார்த்துத்தான் சாப்பிடுகிறோம். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லையே?

ப: இதை விளக்கமாகவே சொல்கிறேன். வாடை கிளப்பும் கிருமிகள் வேறு, நோய் தருபவை வேறு. நோய் தரும் லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும். வாடை வராது, நிறம் மாறாது. கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையக்கூடும். சாப்பிட்டுப் பல வாரங்கள் கழித்துக்கூடக் காய்ச்சல் வரலாம். அப்போது அந்தப் பாக்கெட்டை யார் நினைக்கப் போகிறார்கள்? ‘ஒன்றும் ஆனதில்லை’ என்பதை எப்படி நம்புவது?

கே: அப்படியென்றால் மூக்கு வீணா? பாட்டி காலத்திலிருந்து இப்படித்தான்.

ப: வாடை அடித்தால் தூக்கிப் போடலாம், அதற்கு மூக்கு போதும். வாடை இல்லை என்று சாப்பிட அது போதாது.

கே: சரி, கொதிக்க வைத்துவிட்டால்?

ப: லிஸ்டீரியா செத்துவிடும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமி விட்டுவைக்கும் நஞ்சு கொதித்தாலும் போகாது. கொதிக்க வைப்பது கெடுவை நீட்டும் வழியல்ல.

கே: ‘யூஸ் பை’ நேற்றோடு முடிந்தது. ஒரு நாள்தானே?

ப: மூன்றாவது ஆளாகக் கேட்கிறீர்கள். வேண்டாம்.

கே: கைக்குழந்தையின் பால் பவுடர், கெடு தாண்டி ஒரு வாரம்?

ப: கொடுக்காதீர்கள். அதில் சத்தின் அளவுக்கு அந்தத் தேதி வரைதான் உத்தரவாதம். குழந்தைக்கு வேறு ஆகாரம் கிடையாது. டப்பாவைத் திறந்த தேதியையும் எழுதுங்கள்.

கே: எழுதினால் ஃபிரிட்ஜ் ஈரத்தில் அழிந்துவிடுகிறது.

ப: ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் டேப்பும் பேனாவும் நூலில் தொங்குகின்றன.